இலவசமாகக் கொடுத்ததை விற்றால் என்ன தவறு?

புகைப்படக் கலைஞர் ஒருவர் தாம் எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றுகிறார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்று அறிவித்தும் விடுகிறார். சில ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய நிறுவனம் அதே படத்தைக் கித்தான் துணியில் அச்சிட்டு, வீட்டுச் சுவரில் மாட்டும் அலங்காரப் படமாக 49 அமெரிக்க டாலர் வரை விலை வைத்து விற்கிறது. படம் எடுத்தவருக்கு ஒரு காசும் கிடையாது.

இது திருட்டு என்றுதான் எவருக்கும் முதலில் சொல்லத் தோன்றும். சட்டத்தைக் கேட்டால், திருட்டு இல்லை என்கிறது. அனுமதி கொடுத்தவரே அவர்தானே! ஆனாலும் அவருக்கு வயிறு எரிகிறது. பத்துமலைத் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர், தம் பந்தலில் வாங்கிய மோரை ஒருவன் பொட்டலம் கட்டி இரயில் நிலைய வாசலில் ஒரு வெள்ளிக்கு விற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாரோ, அதே நினைப்புதான்.

2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஃபிளிக்கர் என்னும் புகைப்படத் தளத்தில் உண்மையாகவே நடந்த விவகாரம் இது. அதில் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்பு, ‘விற்கக் கூடாது’ என்ற ஒரு சிறிய நிபந்தனை எங்கிருந்து புறப்பட்டு எங்கெல்லாம் சுற்றி வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தோல்வியில் பிறந்த யோசனை

அமெரிக்காவில் எரிக் எல்ட்ரெட் என்பவர் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வந்தார். இராபர்ட் ஃபிராஸ்ட் என்ற கவிஞரின் 1923-ஆம் ஆண்டுக் கவிதை நூல் ஒன்று 1999-இல் பொதுவுடைமையாகும், உடனே வெளியிடலாம் என்று காத்திருந்தார். 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டிவிட்டது. எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் என்றிருந்த கணக்கு 70 ஆண்டுகள் ஆயிற்று. எல்ட்ரெட் வழக்குத் தொடர்ந்தார். அவருக்காக வாதாடியவர் லாரன்ஸ் லெஸ்ஸிக் என்ற சட்டப் பேராசிரியர். 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எல்ட்ரெட் காத்திருந்த அந்த 1923-ஆம் ஆண்டு நூல்களுக்கு 2019 ஜனவரியில்தான் விடுதலை கிடைத்தது.

(நம் வட்டாரத்திலும் இந்தக் கணக்கு ஒன்றுபோல் இல்லை. மலேசியாவில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் 70 ஆண்டுகள். அமெரிக்காவுடன் செய்துகொண்ட தடையற்ற வாணிப ஒப்பந்தத்தை ஒட்டிச் சிங்கப்பூர் 2004-இல் இந்த மாற்றத்தைச் செய்தது.)

சட்டத்தை மாற்ற முடியாது போலிருக்கிறது என்ற எண்ணம் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே லெஸ்ஸிக்கிற்கு வந்திருக்க வேண்டும். சட்டம் படைப்பாளிக்கு எல்லா உரிமைகளையும் அள்ளிக் கொடுக்கிறது. சரி, அந்தப் படைப்பாளியே தாமாக முன்வந்து சிலவற்றை விட்டுக்கொடுத்தால்? லெஸ்ஸிக், எல்ட்ரெட், கணினிப் பேராசிரியர் ஹால் ஏபெல்சன் முதலியோர் சேர்ந்து 2001-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 2002 டிசம்பரில் அதன் முதல் உரிமங்கள் வெளிவந்தன. வழக்கறிஞரிடம் போகாமல், பணம் கட்டாமல், படைப்பாளி தம் படைப்புக்குப் பொருத்தமான நிபந்தனைகளைத் தாமே தேர்ந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றக் கூடாது, மாற்றினால் அதையும் இதே போல் பகிர வேண்டும் என்பவை மூன்று. நான்காவதுதான் நம் கதாநாயகன்: வணிக நோக்கம் கூடாது.

தொடக்கத்தில் இந்த நான்காவது நிபந்தனைக்குத்தான் பெரிய வரவேற்பு. கொடுப்பது என்று முடிவு செய்த பிறகும், ‘நான் கொடுத்ததில் இன்னொருவன் காசு பார்க்கக் கூடாது’ என்பது மனித இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது.

‘விற்காதே’ என்ற முதல் பலகை

இதே இயல்பு அதற்குப் பத்தாண்டுகள் முன்பு ஃபின்லாந்தில் ஒரு மாணவருக்கும் இருந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் இயங்குதளத்தை வெளியிட்டபோது, இதை யாரும் பணத்துக்குக் கொடுக்கக் கூடாது, நகலெடுத்த கூலிகூட வாங்கக் கூடாது என்று எழுதி வைத்தார். லினக்ஸின் முதல் உரிமம் அதுதான்.

நடைமுறையில் அது சங்கடமாயிற்று. அந்தக் காலத்தில் இணைய வசதி எத்தனை பேருக்கு இருந்தது? ஆர்வலர்கள் நெகிழ்தட்டில் நகலெடுத்து அஞ்சலில் அனுப்ப வேண்டும். தட்டுக்கும் தபால் தலைக்கும் ஆன காசைக்கூடக் கேட்கக் கூடாது என்றால் எத்தனை நாளைக்குக் கைப்பணம் போடுவார்கள்? 1992-இன் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, ரிச்சர்டு ஸ்டால்மன் உருவாக்கிய பொது உரிமத்திற்கு மாறிக்கொண்டார். அதில் விற்பனைக்குத் தடையில்லை. மூலநிரலை மறைக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஸ்டால்மனே 1980-களின் நடுவில் தம் இலவச மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுப் பிழைத்தவர்தான்.

ஆங்கிலத்தில் இலவசத்திற்கும் சுதந்திரத்திற்கும் ஒரே சொல் இருப்பதால் அவர் வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நம் கணினித் தமிழர்கள் பெயர் வைத்தபோதே பாதி வாதம் முடிந்துவிட்டது.

விற்கலாம் என்று கதவைத் திறந்ததால் என்ன ஆயிற்று? லினக்ஸை வைத்து வளர்ந்த ரெட் ஹேட் என்ற ஒரு நிறுவனத்தை மட்டும் 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நெகிழ்தட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்ற பலகை அங்கேயே நின்றிருந்தால் இந்த வளர்ச்சிக்கு இடமிருந்திருக்காது.

விக்கிபீடியா போட்ட கட்டுப்பாடு

மென்பொருளுக்குச் சரி, கலைக்கும் எழுத்துக்கும் இது பொருந்துமா? பொருந்தும் என்று பிடிவாதமாக நின்றது விக்கிபீடியா. ‘வணிக நோக்கம் கூடாது’ என்ற நிபந்தனையோடு வரும் படங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று 2005 மே மாதம் அது அறிவித்தது. இலவசமாகக் கொடுப்பவரிடமே வேண்டாம் என்று சொல்வது ஆணவமாகக்கூடத் தோன்றலாம்.

காரணம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே பெர்லினைச் சேர்ந்த டைரக்ட்மீடியா என்ற பதிப்பகம் 2004-இல் ஜெர்மன் விக்கிபீடியாவைக் குறுந்தட்டில் வெளியிட்டது. 2005-இல் அதையே டிவிடியாக்கி 9.90 யூரோவுக்கு விற்றது. தட்டு ஒன்றுக்கு ஒரு யூரோ ஜெர்மனியின் விக்கிமீடியா சங்கத்திற்குப் போயிற்று. இணைய இணைப்பு இல்லாத வீட்டிலும் கலைக்களஞ்சியம் புகுந்தது. 2008-இல் பெர்டெல்ஸ்மன் என்ற பெரும் பதிப்பகம் ஒரே தொகுதியாகக் கனத்த புத்தகமே போட்டது. எழுதிய ஏறத்தாழ 90,000 பேரின் பெயர்களும் பொடி எழுத்தில் கடைசிப் பக்கங்களில் அச்சாயின. விற்பனைக்குத் தடை இருந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2009 வாக்கில் விக்கிபீடியாக் கட்டுரைகளை அப்படியே திரட்டி அட்டை போட்டு, ஆயிரக்கணக்கான தலைப்புகளில் இணையப் புத்தகக் கடைகளில் விற்கத் தொடங்கியது விடிஎம் என்ற பதிப்பகக் குழுமம். ஆல்ஃபாஸ்கிரிப்ட் என்பது அதன் முத்திரைகளில் ஒன்று. வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்த பிறகுதான், வீட்டுக் கணினியில் இலவசமாகப் படித்திருக்கக்கூடிய கட்டுரைகளுக்கு விலை கொடுத்திருக்கிறோம் என்று அறிந்தார்கள். உரிமத்தின்படி அதுவும் தப்பில்லை. விக்கிபீடியா எழுத்தர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் காற்றும் வரும், கொசுவும் வரும்.

தமிழர்களுக்கு இந்த வாதம் ஒன்றும் புதிதல்ல. பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது விவகாரம் வழக்குவரை போயிற்று. ஒரு மகாகவியின் பாட்டைப் பாட ஒரு தனி நிறுவனத்திடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கொதித்தெழுந்தார்கள். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை ஏற்றுக்கொண்டது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அந்தப் படைப்புகள் மக்களுக்கே பொதுவாயின. அப்போது எவரும் ‘ஆனால் விற்கக் கூடாது’ என்று ஒரு வால் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பாரதியார் கவிதைகள் மலிவுப் பதிப்பு ஏது, திரைப்பாடல் ஏது, கோலாலம்பூர்க் கடைகளில் அடுக்கி வைக்கப் புத்தகம்தான் ஏது? அதே வழியில் தமிழக அரசு அடுத்தடுத்து நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2010-களின் நடுவில் விக்கிமூலத்திற்கு எந்த நிபந்தனையுமின்றி வழங்கியது.

ஆனால் பாரதி மறைந்தவர். நாட்டுடைமையான நூல்களுக்கு அரசு பணம் கொடுத்துக் குடும்பங்களிடமிருந்து பெற்றது. உயிரோடிருந்து, இன்றைக்கு எடுத்த படத்தை வைத்து நாளைக்குச் சாப்பிட வேண்டிய கலைஞரின் கணக்கு வேறு.

நிபந்தனை காப்பாற்றிய கதைகள்

அந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டவர் அமெரிக்க இசைக் கலைஞர் ட்ரெண்ட் ரெஸ்னர். 2008 மார்ச்சில் அவரது நைன் இன்ச் நெயில்ஸ் குழு 36 இசைத் துண்டுகள் கொண்ட தொகுப்பை ‘வணிக நோக்கம் கூடாது’ உரிமத்தோடு வெளியிட்டது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம், மாற்றி அமைத்துப் பகிரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அதே தொகுப்பைக் குழுவே ஐந்து டாலருக்கும் விற்றது. கையெழுத்திட்ட ஆடம்பரப் பதிப்பு 300 டாலர். அதில் 2,500 பிரதிகளும் தீர்ந்துபோயின. முதல் வாரத்தில் மட்டும் 16 இலட்சம் டாலர் வசூல். இலவசமாகக் கிடைப்பதை ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றால், இரசிகர்கள் என்பதால்தான். விற்கும் உரிமை படைத்தவரிடமே இருந்ததால் அந்தப் பணம் படைத்தவருக்கே போயிற்று. கனடாவில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோவ் 2003-இலேயே தம் முதல் நாவலை இப்படி இணையத்தில் இலவசமாகவும் கடையில் விலைக்கும் ஒரே நேரத்தில் வெளியிட்டுப் பார்த்தவர்.

நிபந்தனை நீதிமன்றத்திலும் நின்றது. ஆடம் கரி என்றால் எம்டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிகழ்ச்சி படைத்தவர். அவர் தம் குடும்பப் படங்களை ஃபிளிக்கரில் வணிக நோக்கற்ற உரிமத்தோடு ஏற்றியிருந்தார். நெதர்லாந்தின் ‘வீக்எண்ட்’ என்ற கிசுகிசு வார இதழ் அவற்றில் நான்கை எடுத்து அச்சிட்டது. படத்தின் கீழே ‘இது பொதுப் படம்’ என்று போட்டிருந்ததே என்று பதிப்பாளர் சமாதானம் சொன்னார். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர் உரிமத்தைப் படித்திருக்க வேண்டும், ஐயம் இருந்தால் கேட்டிருக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2006 மார்ச்சில் சொல்லிவிட்டது. இழப்பீடு கிடைக்கவில்லை. இனிமேல் போட்டால் படத்துக்கு 1,000 யூரோ என்று எச்சரிக்கை மட்டும்.

கித்தான் படக் கடை

இப்போது 2014-க்கு வருவோம். ஃபிளிக்கர் 2004-இல் வான்கூவரில் தொடங்கப்பட்ட தளம். அதே ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைத் தேர்ந்துகொள்ளும் வசதியைச் செய்து கொடுத்தது. அடுத்த ஆண்டு யாகூ அதை வாங்கியது. பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான படங்கள் சேர்ந்துவிட்டன.

2014 நவம்பரில் யாகூ அந்தச் சுவர்ப்பட வியாபாரத்தை விரிவாக்கியது. தேர்ந்தெடுத்த சில கலைஞர்களோடு ஒப்பந்தம் போட்டு, விற்பனையில் 51 விழுக்காடு அவர்களுக்கு என்றது. அதோடு நிற்காமல், தளத்தில் கிடந்த ஏறத்தாழ ஐந்து கோடி கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களையும் கடையில் வைத்தது. அவற்றை எடுத்தவர்களுக்குப் பங்கு இல்லை.

இதில் யாகூ சட்டத்தை மீறவில்லை. ‘வணிக நோக்கம் கூடாது’ என்று குறித்திருந்த படங்களைத் தொடவே இல்லை. வணிகத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தவர்களின் படங்கள்தாம் கடைக்குப் போயின. அதுதான் கொடுமை. கையைச் சற்று இறுக்கிக்கொண்டவர் தப்பித்தார். தாராளமாகத் திறந்தவர் மாட்டிக்கொண்டார்.

அவர்கள் ஏன் அப்படித் திறந்து வைத்திருந்தார்கள்? ஒரு பள்ளியின் மலருக்கு, ஒரு தொண்டு அமைப்பின் அறிக்கைக்கு, ஒரு சின்னப் பத்திரிகைக்கு, விக்கிபீடியாவுக்கு உதவட்டும் என்றுதான். விக்கிபீடியா இந்த நிபந்தனையை ஏற்காது என்பதற்காகவே பலர் அதை நீக்கியிருந்தார்கள். தாங்கள் படம் ஏற்றி வைத்திருக்கும் தளமே, தங்களை ஒரு வார்த்தை கேட்காமல், அச்சடித்து விற்கும் என்று யார் நினைத்தார்கள்? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனைப் பற்றி நம் பெரியவர்கள் பழமொழி சொன்னார்கள். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயைப் பொறுக்கிக் கடையில் அடுக்குபவனுக்கு அவர்கள் பழமொழி சொல்லவில்லை.

எதிர்ப்புக் கிளம்பியது. சிலர் தங்கள் படங்களின் உரிமத்தை மாற்றினார்கள். ஆனால் இந்த உரிமங்களில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது: ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. இன்றைக்கு மாற்றினால் இனிமேல் வருபவருக்குத்தான் புதிய நிபந்தனை. நேற்றுவரை எடுத்துச் சென்றவர் பழைய அனுமதியிலேயே என்றென்றும் பயன்படுத்தலாம். இந்த விற்பனையில் கிடைக்கும் காசு, இழந்த நல்லெண்ணத்திற்கு ஈடாகாது என்ற கருத்தை ஃபிளிக்கரின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மாதத்திற்குள், டிசம்பரில், யாகூ அந்தப் படங்களைக் கடையிலிருந்து நீக்கியது. விற்றவற்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டது.

சட்டம் அனுமதித்த ஒன்றுக்காக ஒரு பெரிய நிறுவனம் மன்னிப்புக் கேட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமத்தில் எழுதாத ஒரு நிபந்தனை அங்கே இருந்திருக்கிறது. ‘எடுத்துக்கொள்’ என்று சொன்னவரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு எடுப்பதற்கு நம் வீடுகளில் மரியாதை என்று பெயர்.

சட்டத்தையும் மதிக்காதவர்கள் உண்டு. 2016 பிப்ரவரியில் ஈபே சந்தையில் ஒரு விற்பனையாளர், முப்பரிமாண அச்சுக்கான வடிவங்களைப் பகிரும் திங்கிவர்ஸ் தளத்திலிருந்து பலருடைய வடிவங்களை எடுத்து, அச்சடித்த பொம்மைகளாக விற்றது தெரியவந்தது. அவற்றில் ‘வணிக நோக்கம் கூடாது’ என்று தெளிவாகக் குறித்திருந்தவையும் இருந்தன. தளத்தில் ஏற்றியதும் எல்லாமே பொதுச் சொத்தாகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். அது முழுத் தவறு. வடிவமைப்பாளர் ஒருவர் அழுத முகம் ஒன்றையே வடிவமாகச் செய்து தளத்தில் ஏற்றித் தம் எதிர்ப்பைக் காட்டினார். விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. முடிந்தது கதை.

முடியாத கதை ஒன்று 2019-இல் வந்தது. முகங்களை அடையாளம் காணும் கணினி ஆய்வுக்காக ஐபிஎம் ஏறத்தாழ பத்து இலட்சம் ஃபிளிக்கர் படங்களைக் கொண்ட தொகுப்பை ஆய்வாளர்களுக்கு வெளியிட்டது. அவை யாவும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள். கல்யாண வீட்டிலும் கடற்கரையிலும் எடுத்த முகங்கள் எதற்குப் பயிற்சிப் பொருளாயின என்று எடுத்தவருக்கும் தெரியாது, படத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பதிப்புரிமை உரிமம் என்பது தனிமனித அந்தரங்கத்தைக் காக்கும் பூட்டு அல்ல என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் பதில். சரியான பதில்தான், ஆறுதலான பதில் அல்ல.

வணிகம் என்றால் எது?

இத்தனைக்கும் ‘வணிக நோக்கம்’ என்றால் என்ன என்பதிலேயே உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. முதன்மையாக வணிக ஆதாயத்தையோ பண வரவையோ நோக்கமாகக் கொண்ட பயன்பாடு என்பது உரிமம் தரும் விளக்கம். பயன்படுத்துபவர் யார் என்பதல்ல, பயன்பாடு எது என்பதே கேள்வி. 2009-இல் அந்த அமைப்பே ஓர் ஆய்வு நடத்தியது. விளம்பரம் போட்டால் வணிகம், விற்றால் வணிகம் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. தொண்டு அமைப்பு பயன்படுத்தினால், தனி நபர் பயன்படுத்தினால் என்று கேட்டபோதுதான் பதில்கள் இழுபறியாயின.

ஜெர்மனியின் பொது வானொலியான டாய்ச்லாண்ட்ரேடியோ ஒரு படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. ஆனாலும் கொலோன் நகர நீதிமன்றம் 2014 மார்ச்சில், வணிக நோக்கமற்றது என்றால் தனிப்பட்ட பயன்பாடு மட்டுமே என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தக் கணக்கில் பள்ளிக்கூடமே பயன்படுத்த முடியாது! அக்டோபரில் மேல்நீதிமன்றம் அந்த விளக்கத்தை மாற்றியது. படத்தைக் கத்தரித்ததில் புகைப்படக்காரரின் பெயர் விடுபட்டதற்காக வானொலி குட்டு வாங்கியது வேறு விஷயம்.

போட்டோஸ்டாட் கடை வழக்கு

இந்தக் குழப்பம் சாதாரண மக்களின் வாசல்வரை வந்த வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற இலாப நோக்கற்ற கல்வி நிறுவனம் யுரேகா மேத் என்ற கணிதப் பாடத் தொகுப்பைத் தயாரித்தது. அச்சிட்ட நூலாக விற்றது. கூடவே, வணிக நோக்கமற்ற உரிமத்தில் இணையத்திலும் இலவசமாக வைத்தது. பள்ளிகள் அதை இறக்கிக்கொண்டு மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தன. எல்லாம் நல்லபடி போயிற்று.

சில கல்வி வட்டாரங்கள் நகலெடுக்கும் வேலையைப் பக்கத்திலிருந்த ஃபெடெக்ஸ் கடைகளில் கொடுத்தன. கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். கிரேட் மைண்ட்ஸ் பிடித்துக்கொண்டது. பள்ளி பயன்படுத்துவது வணிகமில்லை, சரி. ஆனால் கடை இலாபத்துக்குத்தானே அச்சடிக்கிறது? எங்கள் பாடத்தை வைத்து அது சம்பாதிக்கிறதே, எங்களுக்கு உரிமத் தொகை கொடுக்க வேண்டாமா? 2016-இல் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பள்ளி இயந்திரம் பழுதாகிவிட்டது. முப்பது பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் வேண்டும். டவுனுக்குப் போய்க் கடையில் கொடுத்து எடுத்து வருகிறார். கடைக்காரர் வாங்கிய காசு தாளுக்கும் மைக்குமா, கணக்குப் பாடத்துக்கா? ஆசிரியரே இயந்திரத்தின் முன் நின்று பொத்தானை அழுத்தினால் குற்றமில்லை, கடைப் பையன் அழுத்தினால் குற்றம் என்று சொல்ல முடியுமா?

நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போயிற்று. பள்ளிக்கு நகலெடுக்கும் அனுமதி இருக்கிறது. அந்த வேலையை வேறொருவர் கையால் செய்துகொள்ளக் கூடாது என்று உரிமத்தில் எங்கும் எழுதவில்லை. கடை பள்ளியின் கைதான், தனியாக உரிமம் பெற்ற வியாபாரி அல்ல. உரிமத்தை எழுதிய கிரியேட்டிவ் காமன்ஸும் பள்ளிகளின் பக்கம் நின்று இதே கருத்தைச் சொல்லியிருந்தது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரேட் மைண்ட்ஸின் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அந்த நிறுவனம் விடவில்லை. ஆபிஸ் டிப்போ என்ற இன்னொரு கடைத்தொடர் மீது கலிஃபோர்னியாவில் அதே வழக்கை நடத்தியது. அங்கே கடைக்காரர்கள் பள்ளிகளைத் தேடிப் போய் வேலை பிடித்தார்கள் என்பது கூடுதல் வாதம். 2019 டிசம்பரில் அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே பதிலைத்தான் சொன்னது. பள்ளிகள் பாடத்தாளைக் கடையில் கொடுத்து, பக்கக் கூலியைக் கொடுத்து, நகல் எடுத்துக்கொள்ளலாம். அதே கடைக்காரர் அந்தத் தாள்களைத் தாமாகவே அடித்து வைத்து வாசலில் போட்டு விற்றால், அன்றைக்கு அது வேறு வழக்கு.